நிலுவையில் பாப்பா

சூப்பிரண்டு ஓய்வு பெற்றுவிட்டார் என்று தெருவில் சொல்லிக்கொள்கிறார்கள். விவரம் தெரியாதவர்கள். ஓய்வு பெற்றது அலுவலகம்தான். முப்பத்தைந்து வருடம் அவரைச் சுமந்த களைப்பில் அது இப்போது நிம்மதியாக மூச்சு விடுகிறது. சூப்பிரண்டோ விடைபெற்று வந்த மறுவாரமே, அலுவலகம் கழித்துக் கட்டி ஏலம் விட்ட சாமான்களில் தன்னுடைய மேசையையே தேடிப் பிடித்து எடுத்து வந்து, முன்னறையில் ஜன்னலுக்கு எதிரே போட்டார். மேசை மேல் இரண்டு மரத்தட்டு. ஒன்று வரும் காகிதத்துக்கு, மற்றது போகும் காகிதத்துக்கு. இரண்டாவது தட்டில் கொஞ்ச நாளிலேயே அம்மா அவருடைய ரத்த அழுத்த மாத்திரைகளை வைக்க ஆரம்பித்தாள். அது எப்போதும் காலியாகத்தான் கிடந்தது என்பதால் யாரும் ஆட்சேபிக்கவில்லை.

அந்த வீட்டுப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது. வீட்டில் பெயர் பாப்பா. இரண்டு தெரு தள்ளி ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. வருகிறவர்களின் கையில் நரம்பு தேடி ஊசி குத்தி, குழாயில் ரத்தம் வாங்கி, பெயர் ஒட்டி, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு தேய்த்து மைக்ரோஸ்கோப்பில் வைத்து எண்ண வேண்டும். அவள் எழுதித் தரும் எண்ணை நம்பி மூன்று டாக்டர்கள் மருந்து எழுதினார்கள். அவளை நம்பித் தெருமுனை வரை தனியாக அனுப்ப வீட்டில்தான் ஆள் இல்லை. காலையில் அண்ணன் ஸ்கூட்டரில் கொண்டுபோய் இறக்குவான், மாலையில் ஏற்றி வருவான்.

வெளியே எங்கே போவதானாலும் பாப்பா எழுதிக் கொடுக்க வேண்டும். காரணம், புறப்படும் நேரம், திரும்பும் நேரம், துணைக்கு வருபவர். கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் மனு திரும்பி வரும். அண்ணனுக்கு இதெல்லாம் கிடையாது. ஆண்கள் 'தகவல் தெரிவித்தால் போதும்' என்ற பிரிவில் வருகிறார்கள். செருப்பை மாட்டிக்கொண்டே "வரேன்" என்று அவன் காற்றில் ஒரு வார்த்தை விட்டால் தகவல் தெரிவித்ததாக அர்த்தம். ஒருமுறை அதையும் சொல்லாமல் மூன்று நாள் சிநேகிதர்களோடு சுற்றிவிட்டு வந்தான். போன பிறகு கொடுத்த அனுமதி என்று ஒரு வரி எழுதி சூப்பிரண்டு அதையும் நேராக்கிவிட்டார். பாப்பாவும் ஒருமுறை சினிமாவுக்கு எழுதிக் கொடுத்தாள். அனுமதி வந்தபோது அந்தப் படம் டி.வி.யில் இரண்டாவது தடவை ஓடிக்கொண்டிருந்தது.

"அதான் அனுமதி வந்தாச்சே, உக்காந்து பாரு" என்றார் சூப்பிரண்டு.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் ஒரு மாதம் இருபதாம் தேதி அந்தக் கடிதம் வந்தது. ஆறு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் பாப்பாவுக்கு வேலை. அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி காலை பத்து மணிக்குள் அசல் சான்றிதழ்களோடு வந்து சேர வேண்டும். தங்குவதற்கு ஆஸ்பத்திரி வளாகத்திலேயே ஓர் அறை.

அந்த அறையைப் பற்றி அவள் போன் போட்டு விசாரித்தாள். பத்தடிக்கு எட்டடி, ஒரு ஜன்னல், ஒரு கட்டில். "கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்குங்களா?" என்று கேட்டாள். மறுமுனையில் இருந்த அம்மாள் சிரித்துவிட்டு, "கதவுன்னா தாழ்ப்பாள் இல்லாமயா?" என்றாள். பாப்பா பிறந்ததிலிருந்து படுப்பது கூடத்தில். தையல் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் அவள் பாய். கூடத்துக்குக் கதவு கிடையாது. எலி வளையானாலும் தனி வளை என்று சும்மாவா சொன்னார்கள்!

பகல் சாப்பாட்டின்போது மெதுவாக ஆரம்பித்தாள். "அப்பா, எனக்கு ஒரு நல்ல வேலை வந்திருக்கு. வெளியூர்ல."

"ரொம்ப சந்தோஷம்மா" என்றார் சூப்பிரண்டு. உண்மையாகவே சந்தோஷப்பட்டார். "ஆனா வாயால சொன்னா எப்படி? எழுதிக் கொடு."

எழுதிக் கொடுத்தாள். ஒரு பக்கம், அடித்தல் திருத்தல் இல்லாமல். சூப்பிரண்டு மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"இணைப்புன்னு போட்டு சர்டிபிகேட் நகல் வெச்சிருக்கே. அசல் எங்க?"

"நகல் போதாதாப்பா?"

"நகலை வெச்சு நீ படிச்சவன்னு நான் எப்படி நம்பறது?"

"நீங்கதானேப்பா பட்டமளிப்புக்கு வந்து முன்வரிசையில உக்காந்திருந்தீங்க?"

"அது அப்பாவா வந்தேன்" என்றார் சூப்பிரண்டு.

அது நியாயமாகத்தான் பட்டது அவளுக்கு. அந்த மேசைக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தால் யாருக்கும் அப்படித்தான் படும். நான்கு அசல் சான்றிதழையும் கொண்டுவந்து கொடுத்தாள். சூப்பிரண்டு 'பெறப்பட்டது' முத்திரையை ஊதி, இரண்டு தட்டுத் தட்டி, நூற்று எண்பத்தேழு என்று எண் போட்டு, அட்டை வைத்துக் கட்டினார். "நல்லா எழுதியிருக்கே. முத்து முத்தான கையெழுத்து" என்று அவள் தலையைத் தடவினார். அன்றைக்கு முழுக்க பாப்பா மிதந்துகொண்டிருந்தாள். தன் தலையைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தது அவளுக்குத் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் முதல் விளக்கம் கேட்டு ஃபைல் வந்தது. விண்ணப்பதாரருக்கு வீட்டை விட்டு வெளியே தங்கிய முன் அனுபவம் உண்டா? இல்லை என்று எழுதினாள். முன் அனுபவம் இல்லாதவரை எப்படி அனுப்புவது என்று திரும்பி வந்தது. அனுப்பினால்தானே அனுபவம் வரும் என்று எழுதினாள். அதற்கு இரண்டு நாள் கழித்து, 'வாதம் நன்று. பதிவு செய்துகொள்ளப்பட்டது' என்று சிவப்பு மையில் பதில் வந்தது. அவ்வளவுதான். அதற்கு மேல் அந்தப் பக்கத்தில் ஒன்றுமில்லை.

பிறகு ஃபைல் கருத்துக்காக அண்ணனிடம் போனது. எள் என்றால் எண்ணெயாக நிற்கிற அண்ணன் அதை நான்கு நாள் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்திருந்து, 'பார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். பார்த்தது சரி, கருத்து என்ன என்று சூப்பிரண்டு கேட்டார். 'மேலே உள்ளபடி' என்று எழுதினான். மேலே ஒன்றும் இல்லை.

மறுநாள் ஸ்கூட்டரில் போகும்போது பாப்பா அவன் முதுகிடம் கேட்டாள். "ஏண்ணா, ஒரு வரி நல்லதா எழுதக் கூடாதா?"

"எனக்கென்ன பாப்பா, நீ போனாலும் சரி, இருந்தாலும் சரி. ஆனா அங்க உன்னை யாரு கொண்டு விட்டுக் கூட்டிட்டு வருவா?"

"ரூம்லேர்ந்து லேபுக்கு ரெண்டு நிமிஷ நடைதான்."

"அதைத்தான் கேக்கறேன். அந்த ரெண்டு நிமிஷம்?"

ஃபைலின் ஓரத்தில் ஒருநாள் 'பேசவும்' என்று எழுதியிருந்தது. பாப்பா தலை வாரிக்கொண்டு போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். சூப்பிரண்டு நிமிர்ந்து பார்த்து, "என்னம்மா?" என்றார்.

"பேசவும்னு எழுதியிருந்தீங்களே?"

"ஆமா. அது உங்கம்மாவுக்கு."

அம்மா கை துடைத்துக்கொண்டு அடுக்களையிலிருந்து வந்தாள். "என்னங்க பேசணும்?"

"இந்த விஷயத்துல உன் அபிப்பிராயம் என்ன?"

அம்மா பாப்பாவைப் பார்த்தாள், பிறகு மேசையைப் பார்த்தாள். "அவ ஆசைப்படறா. போகட்டுமே."

"அதான், நீ பேசிட்டே" என்று சூப்பிரண்டு பேனா மூடியைத் திருகி, 'பேசினோம்' என்று அதற்குக் கீழே எழுதினார். என்ன பேசினார்கள் என்பதை எழுத அலுவலக முறையில் இடம் கிடையாது.

அடுத்தது நடத்தை விசாரணை. அதை அத்தையிடம் ஒப்படைத்தார். சூப்பிரண்டின் அக்காவான அத்தை அடுத்த தெருவில் இருந்தாள். யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று அந்த வீட்டுக்காரர்களுக்கே அவள் சொல்லித்தான் தெரியும். விசாரணைக்காக அவள் நோயாளி வேஷத்தில் பாப்பாவின் பரிசோதனை நிலையத்துக்குப் போய், காலையிலிருந்து மாலை வரை பெஞ்சில் உட்கார்ந்து கவனித்தாள். சும்மா உட்கார்ந்தால் சந்தேகம் வரும் என்று ரத்தமும் கொடுத்தாள். அறிக்கை ஐந்து பக்கம். அதன் சாரம் இதுதான்: பெண் வேற்று ஆண்களின் கையைத் தொடுகிறாள். முழங்கை மடிப்பில் விரல் வைத்துத் தடவிப் பார்க்கிறாள். ஒரே நாளில் பதினேழு ஆண்கள். சின்ன இடத்திலேயே பதினேழு என்றால் பெரிய ஆஸ்பத்திரியில் எத்தனை?

"நரம்பு தேடாம ஊசி எப்படி அத்தை குத்தறது?" என்று பாப்பா அழாக்குறையாகக் கேட்டாள்.

"எனக்குக் குத்தினியே, தடவாமலேயே கிடைச்சுதே" என்றாள் அத்தை.

'எண்ணிக்கை கவனிக்கத்தக்கது' என்று சூப்பிரண்டு குறிப்பெழுதினார். அத்தையின் ரத்தத்தில் சர்க்கரை முன்னூற்றுச் சொச்சம் இருந்தது. தன்மேல் உள்ள கோபத்தில் பாப்பா கூட்டி எழுதிவிட்டாள் என்று அத்தை சொல்ல, அதுவும் ஃபைலில் சேர்ந்தது.

இந்த லட்சணத்தில் தேதி ஆறாகிவிட்டது. இன்னும் ஒன்பது நாள். பாப்பா ஒரு முடிவுக்கு வந்து மேசைக்கு எதிரே போய் நின்றாள். ஸ்டூலில் உட்காரவில்லை.

"அப்பா, முடியாதுன்னு சொல்லிடுங்க."

சூப்பிரண்டு பேனாவைக் கீழே வைத்தார். "என்னது?"

"என் மனுவை. முடியாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க. அதுவே போதும்."

அவர் முகம் வாடிப்போயிற்று. கைக்குழந்தை முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது அவருக்கு.

"யாரும்மா முடியாதுன்னா? முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல இந்தக் கையால ஒரு மனுவைக்கூட நான் நிராகரிச்சதில்ல. வேணும்னா யாரையும் கேட்டுப் பாரு. ஒரு பெரியவர், வீட்டுக்குப் போற பாதை விஷயமா பதினெட்டு வருஷம் வந்தாரு. ஒருநாள்கூட நான் அவருக்கு முடியாதுன்னு சொன்னதில்ல. உக்கார வெச்சுத் தண்ணி கொடுத்துத்தான் அனுப்புவேன். கடைசியில அவர் பையன் வந்து 'அப்பா தவறிட்டாரு சார்'னு நின்னான். 'கவலைப்படாதே தம்பி, ஃபைல் உயிரோடதான் இருக்கு'ன்னு ஆறுதல் சொன்னேன். அப்படிப்பட்டவன் பெத்த பொண்ணுக்கா முடியாதுன்னு சொல்வேன்?"

அவர் அடுக்களைப் பக்கம் கையைக் காட்டினார்.

"உங்கம்மா கல்யாணமான புதுசுல டீச்சர் ட்ரெயினிங் போகணும்னு கேட்டா. எழுதிக் கொடுன்னேன், கொடுத்தா. முப்பது வருஷமாச்சு. இன்னிக்கு வரைக்கும் நான் முடியாதுன்னு சொல்லியிருப்பேனா? கேளு அவளை. இன்னமும் பரிசீலனையிலதான் இருக்கு. எந்த வீட்ல எந்த ஆம்பளை இப்படி இருப்பான்?"

அடுக்களையில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் ஒரு நிமிடம் நின்று, மறுபடி கேட்டது.

அப்பா கெட்டவராக இருந்திருந்தால் பாப்பாவுக்கு எவ்வளவோ சௌகரியம். முடியாது என்று ஒரு வார்த்தை வந்தால் அழலாம், சண்டை போடலாம், இரண்டு நாள் பட்டினி கிடக்கலாம், கடைசியில் துணிந்து வாசலைத் தாண்டலாம். பின்தெருவில் ஒருத்தி அப்படித்தான் போனாள், இப்போது நன்றாகத்தான் இருக்கிறாளாம். ஆனால் யோசித்துக்கொண்டிருக்கிற அப்பாவை விட்டு எந்தப் பெண் ஓடிப்போவாள்? ஊர் என்ன சொல்லும்? அந்த மனுஷன் வேண்டாம் என்றே சொல்லவில்லையே, அதற்குள் என்ன அவசரம் என்றுதானே சொல்லும்? பாப்பாவே அப்படித்தான் சொல்வாள். அன்றைக்கு அவளுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. கிணற்றில் போட்ட கல்லை யாரும் உடைப்பதில்லை, எடுப்பதும் இல்லை.

பன்னிரண்டாம் தேதி பிற்பகல். தான் உயிரோடு இருப்பதை நிரூபித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வர சூப்பிரண்டு பென்ஷன் அலுவலகத்துக்குப் போயிருந்தார். வருடம் ஒருமுறை போவார். அதை அவர்கள் நம்புவதற்கு எப்படியும் மூன்று மணி நேரம் ஆகும். பாப்பாவுக்கு அன்று விடுமுறை, துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அம்மா வந்து முந்தானை முடிச்சை அவிழ்த்து, இரும்பு பீரோவின் சாவியை எடுத்தாள்.

"வா" என்றாள்.

"அம்மா, அப்பாவுக்குத் தெரிஞ்சா?"

"தெரியட்டும். சர்டிபிகேட்டை எடுத்துக்கோ. நாளைக்குக் காலையில வேலைக்குப் போற மாதிரி அண்ணன்கூட போய் இறங்கு. அவன் திரும்பினதும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போ. என்னை யாராவது கேட்டா நான் பாத்துக்கறேன்."

அம்மாவிடமிருந்து இவ்வளவு நீளமாக ஒரு பேச்சை பாப்பா கேட்டதே இல்லை. பீரோ கிறீச்சிட்டுத் திறந்தது. ஃபைல்கள் எண்வாரியாக அடுக்கியிருந்தன. நூற்று எண்பத்தாறு, அடுத்தது நூற்று எண்பத்தெட்டு. நடுவில் ஒரு துண்டுச் சீட்டு: '187 - மேலாய்வுக்காக மூத்தவரிடம்.'

மூத்தவர் என்றால் அத்தை. அத்தை சர்க்கரை வைத்தியத்துக்காக வெளியூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய் நான்கு நாளாயிற்று. போகிற இடத்தில் பொழுது போகும் என்று ஃபைலையும் எடுத்துக்கொண்டு போயிருந்தாள்.

இருவரும் அந்தச் சீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முப்பது வருடத்தில் அம்மா ஒரே ஒருநாள் துணிந்தாள். அன்றைக்குப் பார்த்து ஃபைல் ஊரில் இல்லை. பாப்பா அழ ஆரம்பித்தாள். அம்மா குனிந்து அடித்தட்டில் எதையோ தேடி எடுத்தாள். ஓரம் பழுத்த ஒரே ஒரு தாள், அதன் தலையில் எண் மூன்று. உதடு அசைய மெதுவாகப் படித்து முடித்தாள்.

"நல்லாதான் எழுதியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்து பீரோவைப் பூட்டினாள்.

பாப்பா அத்தைக்குப் போன் போட்டாள். "அத்தை, அந்த ஃபைலை உடனே யாருகிட்டயாவது கொடுத்தனுப்புங்க அத்தை. பதினஞ்சாம் தேதி நான் போகணும்."

"பாதிதான்டி ஆகியிருக்கு. எனக்குக் கண்ணு சரியா தெரியல, பேத்தி வாசிச்சுச் சொல்றா. உங்கண்ணன் கட்டம்வரைக்கும் வந்திருக்கோம். நல்லா போகுது."

நேரில் போய் வாங்கி வரலாம். போவதற்கு எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தாள். அதற்கு எண் நூற்றுத் தொண்ணூற்றொன்று. துணைக்கு வருபவர் என்ற இடத்தில் அம்மா என்று போட்டாள். அம்மா போவதற்குத் தனி மனு வேண்டும் என்று திரும்பி வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். அன்றைக்குச் சிரித்த அதே அம்மாள்தான் எடுத்தாள். "அசல் இல்லாம சேர்க்க முடியாதும்மா. உனக்காக மூணு நாள் சொல்லி வெக்கறேன். பதினெட்டாம் தேதி சாயங்காலம் தாண்டினா அடுத்த பேரைக் கூப்பிட்டுடுவாங்க. ஆமா, சர்டிபிகேட் எங்கதான் இருக்கு?"

"என் அத்தை பொண்ணு வீட்ல. படிச்சுக்கிட்டிருக்காங்க."

"உங்கம்மா அப்பா இருக்காங்களா?" என்று அந்த அம்மாள் இரக்கமாகக் கேட்டாள்.

பதினெட்டாம் தேதி சாயங்காலம் பாப்பா வேலையில் இருந்தாள். காலையில் யாரோ வாங்கி வைத்துப் பார்க்க மறந்த ஒரு குழாய் ரத்தம் மூலையில் கிடந்தது. நேரத்தில் பார்க்காத ரத்தம் கெட்டுவிடும், அதை வைத்து எதை எழுதினாலும் பொய்யாகத்தான் இருக்கும். அதைக் கொட்டிக் கழுவிவிட்டு கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்தரை. வாசலில் அண்ணன் ஹார்ன் அடித்தான்.

இருபதாம் தேதி அத்தை வந்தாள், ஃபைலும் வந்தது. இருபத்தொன்று, ஞாயிற்றுக்கிழமை காலை, சூப்பிரண்டு இஸ்திரி போட்ட சட்டையில் மேசைக்குப் பின்னால் எழுந்து நின்றார். அத்தை, அண்ணன், அம்மா, எல்லோரும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். ஆணையை அவரே வாசித்தார். 'கீழ்க்கண்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு அனுமதிக்கப்படுகிறது.' நிபந்தனை ஒன்பது. தினமும் மூன்று வேளை போன் செய்ய வேண்டும். ஆண் நோயாளிகளின் கையைத் தவிர்க்கக்கூடிய இடங்களில் தவிர்க்க வேண்டும். அறைக் கதவை எந்தக் காரணத்தைக் கொண்டும் உள்ளே தாழிடக் கூடாது.

வாசித்துவிட்டு சூப்பிரண்டு கண்ணாடியைக் கழற்றினார். "நம்ம குடும்பத்துல இதுவரைக்கும் எந்தப் பொண்ணும் தனியா வெளியூர் போய்த் தங்கினதில்ல. பொண்ணுங்களுக்குச் சுதந்திரம் கொடுக்கணும்னு ஊர்ல எல்லாரும் மேடையில பேசறான். கொடுக்கணும்னா முறைப்படி கொடுக்கணும் இல்லையா? எவனுக்குத் தெரியுது? நான் கொடுக்கறேன். இருபத்தஞ்சு வயசுப் பொண்ணு, அவளா யோசிச்சு முடிவெடுக்கட்டும்னு, நானே முடிவெடுத்துக் கொடுக்கறேன்."

அண்ணன் கை தட்டினான். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பா, தேதி போயிடுச்சு" என்றாள் பாப்பா. "பதினெட்டோட முடிஞ்சுது. வேற ஆளைச் சேத்துட்டாங்க."

சூப்பிரண்டு பதறவில்லை. ஃபைலை முதலிலிருந்து புரட்டிப் பார்த்தார். எல்லாப் பக்கத்திலும் தேதி, கையெழுத்து, முத்திரை, எல்லாம் இருந்தன.

"அது அவங்க ஆபீஸ் குளறுபடிம்மா. நம்ம பக்கத்துல எல்லாம் சுத்தமா இருக்கு."

"என் சர்டிபிகேட்டையாவது கொடுங்கப்பா."

"ஃபைலை மூடினதும் தரேன்."

"எப்ப மூடுவீங்க?"

"இது நிரந்தரமா வெக்க வேண்டிய ஃபைல்மா. நாளைக்கு உன் பிள்ளைங்க பாக்க வேண்டாமா?"

ஒரு மாதம் கழிந்ததும் கடைசிப் பக்கத்தில் இன்னொரு குறிப்பு ஏறியது. 'அனுமதி வழங்கப்பட்டும் விண்ணப்பதாரர் பயன்படுத்திக்கொள்ளவில்லை. எனவே அனுமதி காலாவதியானது.' கொடுத்ததைப் பயன்படுத்தாதவர் அடுத்த இரண்டு வருடத்துக்குப் புதிதாகக் கேட்க முடியாது என்று அலுவலகத்தில் ஒரு விதி இருந்ததாம், அதையும் அடியில் சேர்த்தார். சொந்தபந்தத்தில் செய்தி பரவியது. அப்பன் தங்கமான மனுஷன், போ என்றே சொல்லிவிட்டான், அவள்தான் போகவில்லை என்றார்கள். கடைத்தெருவில் ஒரு சித்தி பாப்பாவின் தாடையைப் பிடித்து, "எங்க வீட்லயும் இப்படி ஒரு அப்பா இருந்திருந்தா நாங்க எங்கயோ போயிருப்போம்டி" என்று பெருமூச்சு விட்டாள்.

அந்தப் பெயரைக் கேட்டுத்தான் ஒரு சம்பந்தம் தேடி வந்தது. பையன் வரவில்லை, பையனின் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அவரும் ஓய்வு பெற்றவர், கணக்குத் தணிக்கையில் இருந்தவராம். முன்னறைக்குள் நுழைந்து அந்த மேசையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்ற மறந்து நின்றுவிட்டார். சூப்பிரண்டு நூற்று எண்பத்தேழை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அவர் விரலை எச்சில் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பாப்பா டீயை வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள்.

"இப்படி ஒரு ஃபைலைப் பாத்து எத்தனை வருஷமாச்சு சார்!" என்றார் அவர். "அனுமதி முறைப்படி கொடுத்திருக்கீங்க."

"கொடுத்திருக்கேன்."

"அப்படியும் போகலை."

"போகலை."

அவர் தன் மனைவி பக்கம் திரும்பினார். "பாத்தியா? சுதந்திரத்தைக் கையில கொடுத்தும் எடுத்துக்காத பொண்ணு. இந்தக் காலத்துல எங்க கிடைக்கும்?" பிறகு சூப்பிரண்டிடம், "கடைசிப் பக்கத்துக்கு மட்டும் உண்மை நகல் ஒண்ணு வேணும் சார். எங்க தம்பி நம்ப மாட்டான்" என்றார்.

பாப்பாவுக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியவில்லை.

"நான் போகணும்னுதான் இருந்தேன். என்னைப் போக விடலை."

அடுக்களை வாசலில் அம்மா அப்படியே நின்றாள். அத்தை வாயில் கை வைத்தாள். பையனின் அப்பா மட்டும் கோபப்படவில்லை. ஃபைலிலிருந்து தலையை நிமிர்த்தி, பரிவாக அவளைப் பார்த்தார்.

"அப்படியாம்மா? அதை எழுத்துல கொடுத்திருக்கியா?"

சூப்பிரண்டு உடனே மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அவர் முகத்தில் துளிக்கூடக் கோபம் இல்லை, பெருமைதான் இருந்தது. "எழுதிக் கொடும்மா. இங்க யாரு வேணும்னாலும் எது வேணும்னாலும் எழுதிக் கொடுக்கலாம். உக்காரு, உக்காந்து எழுது."

பாப்பா உட்காரவில்லை. நின்றபடியே மேசையில் குனிந்து எழுதினாள். எல்லோரும் காத்திருந்தார்கள். நீளமாக ஒன்றும் இல்லை, ஒரே வரி. 'இந்தக் கல்யாணத்தில் எனக்குச் சம்மதம் இல்லை.'

சூப்பிரண்டு வாங்கிப் படித்தார். தேதி விட்டுப்போயிருந்தது, அதைப் போடச் சொன்னார். போட்டாள். முத்திரையை ஊதி, 'பெறப்பட்டது' என்று இரண்டு தட்டுத் தட்டி, இருநூற்று மூன்று என்று எண் எழுதி, தாளை முதல் தட்டில் வைத்தார்.

"பரிசீலிச்சுடலாம்" என்றார்.

பையனின் அப்பா மனம் நிறைந்துபோய்த் தலையசைத்தார். "பொண்ணுங்க வாயைத் திறந்து பேசற வீடு சார் இது. எங்களுக்கு முழுத் திருப்தி."

பிறகு பெரியவர்கள் இருவரும் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு, கல்யாணத்துக்கு நாள் குறிக்க உட்கார்ந்தார்கள்.